கைநாட்டும் மாத்திரை அட்டையும்: வடசென்னையில் எழுத்தறிவும் உடல்நலக் கல்வியும்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாவட்டத்தின் எழுத்தறிவு 90.18 சதவீதம். பெருமைப்படத்தக்க எண்தான். ஆனால் வடசென்னையின் முதியோர் கல்விக்கு அந்த எண்ணே பகையாகிவிட்டது. 2009இல் மத்திய அரசு தொடங்கிய சாக்‌ஷர் பாரத் திட்டம், பெண்களின் எழுத்தறிவு ஐம்பது சதவீதத்தைத் தாண்டாத மாவட்டங்களையே முதன்மையாக எடுத்துக்கொண்டது. அந்த மாவட்டங்களிலும் கிராமங்களுக்கு மட்டுமே போனது. படிக்கத் தெரியாதவர்கள் பெருநகரத்திலும் இருப்பார்கள் என்பதற்கு அதன் கணக்கில் இடமே இல்லை. அப்போது திருவொற்றியூரும் எண்ணூரும் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 2011இல் அவை மாநகராட்சிக்குள் வந்தன, 2018இல் சென்னை மாவட்டத்துக்குள்ளும் வந்தன. எந்த மாவட்டத்தில் இருந்தாலும், நகரம் என்பதால் அந்த வகுப்பு இங்கே வரவில்லை.

இப்படி விடுபட்டவர்களை இந்தப் பகுதியில் தேடி அலைய வேண்டியதில்லை. விடிவதற்கு முன்பே காசிமேட்டு ஏலத்துக்கு வந்து, கூடை சுமந்து தெருத்தெருவாக மீன் விற்கும் ஐம்பது வயதுக்காரர்கள். 2004 சுனாமிக்குப் பிறகு எர்ணாவூர் குடியிருப்புகளுக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பங்களின் பெண்கள். ஐந்தாவதோ எட்டாவதோ வரை பள்ளிக்குப் போய், பிறகு பேனாவைத் தொடாததால் எழுத்தே மறந்துபோனவர்கள். இந்தக் கடைசி வகையினரைக் கணக்கெடுப்பு படித்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிடுகிறது. மகளிர் சுய உதவிக் குழுக்களில் கையெழுத்துப் போடக் கற்றவர்களும் அப்படித்தான். தன் பெயரை வரையத் தெரிந்தவருக்கு அந்தப் பெயருக்கு மேலே அச்சிட்டிருப்பது என்னவென்று தெரிந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இவர்களுக்கு எழுத்தைச் சொல்லித்தரும் வேலையும், ஹெச்.ஐ.வி., பால்வினை நோய், கருத்தடை, பிரசவம் பற்றிச் சொல்லித்தரும் வேலையும் ஒரே வகுப்பில் நடக்க வேண்டுமா? நாற்பது ஆண்டுகளாகப் பல நாடுகளில் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. வேண்டும் என்பதே என் விடை. ஆனால் நம் ஊரில் இதுவரை அவை சேர்க்கப்பட்ட விதம் பெரும்பாலும் தவறானது.

முதலில் ஹெச்.ஐ.வி. கதை. இந்தியாவில் இந்தக் கிருமி முதலில் கண்டறியப்பட்டது 1986இல், இதே நகரத்தில். சென்னை மருத்துவக் கல்லூரியின் நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், மாணவி நிர்மலா செல்லப்பன் பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைத் திரட்டினார். அவை வேலூர் சி.எம்.சி.யில் சோதிக்கப்பட்டன. 1994இல் தமிழ்நாடு எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அடுத்த ஆண்டு அமெரிக்க நிதியுடன் தன்னார்வ சுகாதாரச் சேவை நிறுவனத்தின் ஏபாக் என்ற எய்ட்ஸ் தடுப்புத் திட்டம் வந்தது. பிறகு 2003 வாக்கில் எய்ட்ஸ் விளம்பரத்தின் கற்பனை நாயகன் புள்ளிராஜா வந்தார். ஒரே ஒரு கேள்வியோடு சுவர்களிலும் பேருந்துகளிலும் நின்ற அந்த விளம்பரத்தை அந்தக் காலத்துத் தமிழர் யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

விளம்பரமும், களப்பணியாளர்களும், ஆணுறை விநியோகமும், பால்வினை நோய்ச் சிகிச்சையும் சேர்ந்து பலன் தந்தன. தமிழகத்தில் கர்ப்பிணிகளிடையே 2001இல் 1.13 சதவீதமாக இருந்த ஹெச்.ஐ.வி. பரவல், பிற்பாடு 0.2 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதில் பெரும் பங்கு, அதிகம் படிக்காத சகக் கல்வியாளர்களுக்கு உரியது. 2003இல் கேட்ஸ் அறக்கட்டளை தொடங்கிய அவாஹன் திட்டத்தில், எழுதப் படிக்கத் தெரியாத பாலியல் தொழிலாளர்களே படக்குறிகளைக் கொண்டு தங்கள் பகுதியின் பதிவேடுகளைப் பராமரித்தார்கள். ஆகவே எழுத்து தெரியாவிட்டால் எய்ட்ஸைத் தடுக்க முடியாது என்று யாராவது சொன்னால், தமிழகத்தின் அனுபவம் அதை மறுக்கிறது.

அப்படியானால் எழுத்து எதற்கு? வேலை மாறிவிட்டது என்பதே பதில். அன்று மக்களிடம் சேர வேண்டியது ஓர் எச்சரிக்கை. அதை நாடகத்திலும் பாட்டிலும் சொல்லிவிடலாம். 2004 ஏப்ரல் 1 முதல் தாம்பரம் சானடோரியம் உள்ளிட்ட அரசு மையங்களில் கூட்டு மருந்து இலவசமாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு, ஹெச்.ஐ.வி. ஆயுள் முழுக்கக் கையாள வேண்டிய நோயாகிவிட்டது. மாத்திரை எத்தனை மீதி, அடுத்த தேதி எப்போது, இரத்தப் பரிசோதனையில் வந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் தினப்படி விஷயம். தாய்க்குத் தொற்று இருந்து சிகிச்சை இல்லாவிட்டால் குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம் வரை. முறையாகச் சிகிச்சை எடுத்தால் அது 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். ஆனால் அதற்குக் குழந்தைக்குப் பிறந்ததும் சொட்டு மருந்து, ஆறாம் வாரம், ஆறாம் மாதம், பன்னிரண்டாம் மாதம், பதினெட்டாம் மாதம் எனப் பரிசோதனைகள் வேண்டும். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிள்ளை பெற்றுத் திரும்பும் ஒரு பெண், இத்தனை தேதிகளையும் பிறர் வாசித்துச் சொல்லித்தான் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால், அவருடைய இரகசியம் அந்தப் பிறரிடம் அடகு போய்விடுகிறது. மாமியாரிடமோ பக்கத்து வீட்டுப் பள்ளிப் பிள்ளையிடமோ அந்தத் தேதிகள் எழுதிய அட்டையை நீட்ட அவர் துணிவாரா?

எழுத்தறிவுக்கும் ஹெச்.ஐ.வி.க்கும் உள்ள உறவில் நான் முதன்மையாகக் கருதுவது இதைத்தான். படிப்பு விழிப்புணர்வைத் தரும் என்பது பழைய வாதம். தன் தாளைத் தானே படிக்கிறவருக்குத்தான் அந்தரங்கம் உண்டு என்பது அதைவிட நெருக்கமான உண்மை.

கருத்தடையிலும் இதே கதைதான். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் திருமணமான பெண்களில் ஏறத்தாழ 58 சதவீதம் பேர் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு 0.1 சதவீதம். இவ்வளவு பெரிய வேறுபாட்டுக்கு நடுவே ஒரு தாள் இருக்கிறது, ஒப்புதல் படிவம். 2016 செப்டம்பரில் தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆபரேஷன் முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது. அந்தப் பெண்ணுக்குப் புரியும் மொழியில் விவரங்களை விளக்கிய பிறகே ஒப்புதல் பெற வேண்டும் என்றும் சொன்னது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு. ஆனால் பிரசவ வலியில் இருப்பவரிடம் நீட்டப்படும் படிவத்தை முன்பே ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்திருந்தால்தான், அவர் கேள்வி கேட்பார். காப்பர் டி வைத்தார்களா, ஆபரேஷன் செய்தார்களா என்றே பின்னால் தெரிந்துகொள்ள வேண்டிய நிலை யாருக்கும் வரக்கூடாது.

2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த ஹெச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டமும் ஒப்புதலின் மீதே நிற்கிறது. சம்மதம் இல்லாமல் பரிசோதனை கூடாது. நிலையை வெளியே சொல்லக் கூடாது. வேலையை விட்டு நீக்கக் கூடாது. நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனங்களில் புகார் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். மணலி முதல் எண்ணூர் வரை சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, வாகனத் தொழிற்சாலை, மின் நிலையம், துறைமுகம் என்று நீளும் இந்தப் பட்டையில் இந்தச் சட்டம் பொருந்தும் இடங்களுக்குப் பஞ்சமில்லை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு இது தெரியுமா என்பது வேறு கேள்வி.

இங்கே ஓர் எச்சரிக்கை. திரைப்படங்கள் வடசென்னைக்குக் கத்தியையும் கஞ்சாவையும் தவிர வேறொன்றும் கொடுத்ததில்லை. உடல்நலப் பிரச்சாரம் அதன் மேல் எய்ட்ஸ் முத்திரையையும் சேர்த்துக் குத்திவிடக் கூடாது. ஆபத்து ஊரின் குணத்தில் இல்லை, வேலையின் அமைப்பில் இருக்கிறது. துறைமுகத்துக்குள் நுழையக் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவுச் சாலையில் மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் வரிசையில் நிற்கின்றன. ஓட்டுநர்கள் வாரக்கணக்கில் வீட்டைப் பார்ப்பதில்லை. விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்குகின்றன. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வங்கத்திலிருந்தும் வந்தவர்கள் நெருக்கமான அறைகளில் குடும்பமின்றி வாழ்கிறார்கள். ஊசி வழிப் போதைப் பழக்கம் சென்னையில் வேரூன்றிய இடங்களில் வடசென்னையும் ஒன்று. சாலையில் லாரி நிற்கும் நேரத்தைக் குறைப்பதுகூட ஒருவகையில் ஹெச்.ஐ.வி. தடுப்புதான். ஆனால் எந்தத் துறையின் கோப்பிலும் அது அப்படி எழுதப்படாது.

இனி எழுத்தறிவின் கதை. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம். அதன் பிறகு அறிவொளி. 1991இல் புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் நடத்திய அறிவொளியைப் பற்றி எவ்வளவோ எழுதப்பட்டுவிட்டது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றது உலகச் செய்தியானது. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது பாடநூல். அது பட்டாவில் தொடங்கியது. நிலமற்ற உழவர் வகுப்புக்கு எந்தக் கவலையோடு வருகிறாரோ அதுவே முதல் பாடம். பிரேசிலின் கல்வியாளர் பவுலோ பிரைரேயிடமிருந்து வந்த முறை இது.

புதுக்கோட்டைக்கு முன்பே கடற்கரையில் ஒரு முயற்சி நடந்தது, அதை இன்று யாரும் நினைவுகூர்வதில்லை. ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டத்துக்குச் சென்னையே தலைமையிடமாக இருந்தது. 1980களில் அத்திட்டம், தமிழக அரசின் வயதுவந்தோர் கல்வித் துறையோடு சேர்ந்து கடல் மீனவர்களுக்கென்றே தனி வகுப்பு முறையை வகுத்தது. எல்.எஸ். சரஸ்வதி முதலியோர் பயிற்சியாளர் கையேடுகளை எழுதினார்கள். மீனவர் வாழ்க்கையின் பிரச்சினைகளைக் கூட்டாகப் பேசி, அந்தப் பேச்சிலிருந்து எழுத்துக்குப் போவது அதன் வழி. காசிமேட்டில் இன்று ஒரு வகுப்பு தொடங்க நினைப்பவர் வெளிநாட்டுக் கையேட்டைத் தேடுவதற்கு முன் இதைத் தூசி தட்டி எடுக்கலாம்.

எழுத்தோடு உடல்நலத்தைச் சேர்ப்பதும் புதிதல்ல. 1980களில் ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் உதவியோடு முதியோர் கல்வியில் மக்கள்தொகைக் கல்வி சேர்க்கப்பட்டது. சேர்த்த விதத்தில்தான் கோளாறு. நாம் இருவர் நமக்கு இருவர் என்று சுவரில் இருந்த வாசகம் பாடநூலுக்குள் இடம் மாறியது, அவ்வளவே. படிக்க வந்தவருக்கு அரசின் குரலைத் திருப்பிச் சொல்லும் பயிற்சி கிடைத்தது. வெள்ளைப்படுதல் ஏன், மாதவிலக்கு தள்ளிப்போவது ஏன், கணவனிடம் ஆணுறை பற்றிப் பேசுவது எப்படி என்ற கேள்விகளுக்குப் பாடநூலில் பதில் இல்லை, ஏனென்றால் பாடநூலை எழுதியவரிடம் அவற்றை யாரும் கேட்கவில்லை. எய்ட்ஸ் வந்த பிறகு அதே இடத்தில் எய்ட்ஸ் வாசகங்கள் ஒட்டப்பட்டன.

வாசகம் மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அதே 2019–21 கணக்கெடுப்பில் சான்று இருக்கிறது. ஹெச்.ஐ.வி. என்ற பேரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. ஆனால் ஆணுறை தடுக்கும், ஒரே துணையோடு இருப்பது ஆபத்தைக் குறைக்கும், பார்ப்பதற்கு ஆரோக்கியமாக இருப்பவருக்கும் தொற்று இருக்கலாம், கொசுக்கடியாலோ சேர்ந்து சாப்பிடுவதாலோ பரவாது போன்றவற்றை எல்லாம் சரியாகச் சொன்னவர்கள் இந்திய அளவில் பெண்களில் 21.6 சதவீதம், ஆண்களில் 30.7 சதவீதம்தான்.

சரி, சேர்த்துச் சொல்லித்தந்தால் பலன் உண்டா? சான்றுகள் ஒரே திசையில் இல்லை, அதை மறைக்கத் தேவையில்லை. உகாண்டாவின் கிராமங்களில் தாமியன் த வால்க் செய்த ஆய்வு, பத்தாண்டுப் பிரச்சாரத்துக்குப் பிறகு படித்த இளையவர்களிடமே தொற்று குறைந்ததைக் காட்டியது. தொடக்கத்தில் அந்த வேறுபாடு இல்லை. அதாவது செய்தி எல்லோருக்கும் போகிறது, படித்தவர் அதை முதலில் பயன்படுத்திக்கொள்கிறார். ஆக்‌ஷன்எய்ட் நிறுவனம் 1990களில் ரிஃப்லெக்ட் என்ற எழுத்தறிவு முறையை உகாண்டா, வங்கதேசம், எல் சால்வடோரில் சோதித்தது. ஆலிஸ் வெல்போர்ன் உருவாக்கிய ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸ் என்ற ஹெச்.ஐ.வி. பயிற்சியை அதனோடு பின்னால் இணைத்தது. ஸ்டெப்பிங் ஸ்டோன்ஸைத் தென்னாப்பிரிக்காவில் கடுமையான சோதனைக்கு உட்படுத்திய ஆய்வு 2008இல் வெளியானது. ஹெச்.ஐ.வி. தொற்று குறைந்ததாக அது உறுதிசெய்யவில்லை. ஆனால் பிறப்புறுப்பு அக்கி சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது, ஆண்கள் துணைவியரை அடிப்பதும் குறைந்தது. என்னைக் கேட்டால் இரண்டாவது பலன் சிறியதல்ல. ஆணுறை பற்றிய பேச்சு அடியில் முடியும் வீட்டில் எந்தப் பாடமும் செல்லுபடியாகாது.

தாய்–சேய் நலத்தில் சான்று இன்னும் அருகில் உள்ளது. நேபாளத்தின் மக்வான்பூரில் பெண்கள் குழுக்களாகக் கூடிப் பேசியதில் பச்சிளங்குழந்தை இறப்பு 30 சதவீதம் குறைந்தது (2004). ஜார்க்கண்ட்–ஒடிசாவில் ஏக்ஜுட் அமைப்பின் குழுக்களில் 32 சதவீதம் (2010). அங்கே படிக்கத் தெரியாத பெண்கள் பட அட்டைகளை வைத்துப் பிரச்சினைகளை அடையாளம் கண்டார்கள். அதே முறை மும்பைக் குடிசைப்பகுதிகளுக்குப் போனபோது, 2012இல் வெளியான முடிவு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் காட்டவில்லை. ராயபுரத்துக்கு நெருங்கிய ஊர் மும்பைதான், மக்வான்பூர் இல்லை. நகரத்தில் மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது, அங்கே பிரசவமும் நடக்கிறது. குடும்பங்கள் வீடு மாறிக்கொண்டே இருக்கின்றன, பெண்கள் கூலிக்குப் போய்விடுகிறார்கள், கூடிப் பேச நேரமில்லை. கிராமத்துக் குழுவை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் வடசென்னையிலும் அதே முடிவுதான் வரும்.

நகரத்துக் கஷ்டம் மருத்துவமனை இல்லாதது அன்று. ஸ்டான்லி இருக்கிறது, ஆர்.எஸ்.ஆர்.எம். இருக்கிறது, தண்டையார்பேட்டையில் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது, மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்கள் இருக்கின்றன. பரிசோதனைக்கு நம்பிக்கை மையம், பால்வினை நோய்க்குச் சுகவாழ்வு மையம். எந்தச் சன்னலில் எந்தச் சீட்டை நீட்டுவது, சீட்டில் எழுதியிருப்பது என்ன, அதைப் பார்த்து என்ன கேட்பது என்பதில்தான் ஆள் தடுமாறுகிறார். அதனால் இங்கே பாடநூலுக்குப் புத்தகமே வேண்டாம். கற்க வருகிறவர் பையில் இருக்கும் தாள்களே போதும்: கர்ப்பப் பதிவு எண் போட்ட தாய்–சேய் நல அட்டை, மாத்திரை அட்டையின் காலாவதித் தேதி, ஸ்கேன் ரிப்போர்ட், ஆபரேஷன் ஒப்புதல் படிவம், ரேஷன் கார்டு, வட்டிக்காரரின் சீட்டு. ஒப்புதல் படிவத்தை ஒரு மாதம் வாசிக்கலாம். அதில் ஒவ்வொரு வரியும் ஒரு விவாதம்.

நேரம்தான் அடுத்த சிக்கல். முதியோர் கல்வி என்றாலே இரவு ஏழு மணி என்று பழகிவிட்டோம். விடியுமுன் எழுந்து ஏலத்துக்குப் போகிறவருக்கு அது தூங்கும் நேரம். பிற்பகல்தான் அவருக்குத் தோது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வருகிறது. விசைப்படகுகள் கரையில், அவற்றில் போகும் ஆண்களும் கரையில். ஆண்களோடு ஹெச்.ஐ.வி. பற்றிப் பேச ஆண்டில் அதைவிட நல்ல காலம் கிடையாது. பணமில்லாத காலம் என்பதையும் மறக்கக்கூடாது. வகுப்புக்கு வருவதால் நிவாரணம் கிடைக்கும் என்ற நம்பிக்கையை யாரும் ஊட்டிவிடக் கூடாது.

ஆணும் பெண்ணும் தனித்தனியே உட்காருவது தொடக்கத்தில் நல்லது. திருநங்கையர் எங்கே உட்கார விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, எய்ட்ஸ் கிளாஸ் என்று ஊரில் பெயர் வாங்கிவிட்டால் அந்த வகுப்பு அன்றோடு முடிந்தது. யாருக்குத் தொற்று என்று கேட்பதோ, பரிசோதனைக்கு வகுப்பையே வரிசையாகக் கூட்டிப்போவதோ கூடாது. அருகில் இருக்கும் மையத்துக்குப் போனால் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று அஞ்சித் தொலைவில் மருந்து வாங்குகிறவர்கள் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. சொல்லித்தருபவருக்கு எழுத்துச் சொல்லித்தரும் பயிற்சியைப் போலவே வாயை மூடிக்கொள்ளும் பயிற்சியும் தேவை. பாசிட்டிவ் பெண்களின் கூட்டமைப்பு 1998இலேயே சென்னையில் தொடங்கியது. தொற்றோடு வாழ்பவர்களே கற்பிப்பவர்களாக வந்தால், அவர்கள் விரும்பும் அளவுக்கு மட்டும் தங்களைப் பற்றிச் சொன்னால், எந்தச் சுவரொட்டியும் செய்யாததை அது செய்யும்.

தமிழ் வகுப்பு யாருக்குப் பயன்படாது என்பதையும் சொல்லியாக வேண்டும். எண்ணூரின் ஒடியா, இந்தி, வங்காளித் தொழிலாளர்களுக்குத் தமிழ் அரிச்சுவடி பொருந்தாது. அவர்களுக்குத் தேவைப்படுவது மருத்துவமனையில் பேசுவதற்கான தமிழும், தங்கள் மொழியில் தகவலும், 1097 என்ற இலவச உதவி எண்ணும். லாரி ஓட்டுநருக்கு வகுப்பு என்று ஒன்றை நடத்தவே முடியாது. அவரை வரிசையில் காத்திருக்கும் நேரத்தில்தான் பிடிக்க முடியும்.

அரசுத் திட்டங்களில் இந்த இணைப்பு எழுத்தளவில் ஏற்கெனவே இருக்கிறது. 2022 முதல் 2027 வரையிலான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்துக்கு 1,037.90 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. அதன் ஐந்து பகுதிகளில் ஒன்றான வாழ்க்கைத் திறன்களில் உடல்நலமும் குடும்ப நலமும் பெயர் சொல்லியே இடம்பெற்றுள்ளன. சாக்‌ஷர் பாரத்தைப் போல் அல்லாமல் இது நகரத்தை ஒதுக்கவில்லை. ஆனால் எழுத்தறிவு பள்ளிக் கல்வித் துறையிடம், ஹெச்.ஐ.வி. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்திடம், கர்ப்பிணிப் பதிவும் ஆரம்ப சுகாதார நிலையமும் மாநகராட்சியிடம். ஒரு துறையின் வெற்றி தேர்வு எழுதியவர் எண்ணிக்கை, இன்னொன்றின் வெற்றி பரிசோதனை எண்ணிக்கை, மூன்றாவதன் வெற்றி ஆபரேஷன் எண்ணிக்கை. ஒப்புதல் படிவத்தைப் படித்துப் பார்த்து ஒரு பெண் இப்போது வேண்டாம் என்று சொன்னால், அது எந்தக் கணக்கிலும் வெற்றியாக ஏறாது. எனக்கு அதுதான் முதல் வெற்றி.

ஆகவே பள்ளிசாரா மற்றும் வயதுவந்தோர் கல்வி இயக்ககத்துக்கும் மாநகராட்சிச் சுகாதாரத் துறைக்கும் ஒரு வேண்டுகோள். திருவொற்றியூர், ராயபுரம் மண்டலங்களில், அடுத்த தடைக்காலத்துக்கு முன், பிற்பகல் வகுப்புகள் சிலவற்றை அங்கன்வாடிகளிலும் மீனவர் சங்கக் கட்டடங்களிலும் தொடங்குங்கள். வகுப்புக்கு உடல்நலம் என்றோ எய்ட்ஸ் என்றோ பெயர் வைக்காதீர்கள். வருகிறவர்களிடம் அவரவர் பையில் உள்ள தாளை எடுத்துவரச் சொல்லுங்கள். ஆர்.எஸ்.ஆர்.எம்.மிலும் ஸ்டான்லியிலும் பயன்படும் ஒப்புதல் படிவங்களின் தமிழ் வடிவத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு அங்கே கொடுங்கள். அதற்குப் புதிய திட்டமோ புதிய அரசாணையோ தேவையில்லை.